படுத்துக் கிடந்த தக்கை

1. ஐப்பசியில் மழை நான்கு நாள் பெய்துவிட்டு நின்றுபோனது. கண்மாயில் பாதித் தண்ணீர்கூட ஏறவில்லை.

2. கார்த்திகையின் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கும் மதினிக்குமாகச் சேர்த்து இரண்டு சிறு கெளுத்தி மீன்கள் தூண்டிலில் கிடைத்தன.

3. அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு போனோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

4. எட்டாவது ஞாயிற்றுக்கு முந்தைய நாள், "நாளையோட சரிம்மா, இனிமே போகல" என்று அம்மாவிடம் சொன்னேன்.

5. அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த மதினிக்கு அது கேட்டது.

ஐந்தாவதுதான் என்னை உறங்கவிடவில்லை. மதினி என்றால் என் அண்ணன் மனைவி, நான் அவளுக்கு நாத்தனார். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மேலூர்ப் பக்கம் கண்மாய்த் தண்ணீரில் புரண்டு வளர்ந்தவள் அவனியாபுரத்தில் எங்கள் மூன்றாம் சந்து வீட்டுக்கு வாழ வந்திருந்தாள். வாரத்தில் ஆறு நாளும் அவளுக்கு வீடுதான். ஞாயிறு விடியலில் என் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து ஊருக்குத் தெற்கே இருக்கும் கண்மாய்க்குப் போவது மட்டும்தான் அவள் வெளியே போகும் நேரம். அதற்கும் அம்மா இரண்டு நிபந்தனை வைத்திருந்தாள். நான் கூடப் போக வேண்டும். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மடையடியில்தான் உட்கார வேண்டும். நான் போகவில்லை என்றால் மதினியும் போக முடியாது.

இது தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். எனக்கு ஆர்வம் விட்டுப்போயிருந்தது. தூண்டில் முள்ளைத் தீட்டுவதை எப்போதோ நிறுத்தியிருந்தேன். மண்புழுவைப் பாதி டப்பாதான் தோண்டினேன். ஐந்தாம் வாரம், மீன் கடித்துவிடக் கூடாதே, கடித்தால் கழற்ற வேண்டுமே என்று நினைத்தபடி கரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிற எனக்கு எதையும் எழுதிவைக்கிற பழக்கம் உண்டு. அந்த நோட்டில் நாள், நேரம், இரை என்ற கட்டங்கள் நிரம்பியிருந்தன. மீன் என்ற கட்டத்தில் வரிசையாகச் சிறு கோடுகள்.

எட்டாவது ஞாயிறு. வண்டியை ஓரங்கட்டியதும் மதினி இறங்கி முன்னால் நடந்தாள். மடையடியில் உட்கார்ந்து நைலான் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டாள். அவள் தக்கை கட்டுவதில்லை. மீன் தொடுவது விரலுக்கே தெரியுமாம். நான் மூங்கில் கம்பை நீட்டித் தக்கையைப் போட்டேன். அது வழக்கம்போல் தண்ணீரில் படுத்தது.

கரையில் ஆடு ஓட்டிப் போனவர் நின்றார். "என்னத்தா, மீனு புடிக்கிறீகளா, கண்மாய்க்குக் காவல் காக்குறீகளா?"

"காவல்தாண்ணே," என்றாள் மதினி. "உங்க ஆடு அம்புட்டுத் தண்ணியையும் குடிச்சிருச்சுன்னா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மதினி சிரிக்கவில்லை. "இன்னிக்கோட சரி, அப்புடித்தானே?" என்றாள் தண்ணீரைப் பார்த்தபடி.

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் கோரைப் புல்லுக்குப் பக்கத்தில், மிளகாய்த்தூளை அள்ளித் தூவியதுபோலத் தண்ணீர் சிவந்து கொதித்ததைப் பார்த்தேன். விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒன்றாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு ஒன்றாக இறங்கின. அவற்றுக்கு அடியில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு கறுத்த முதுகு அசைந்தது.

குஞ்சோடு நிற்கும் விரால் பசிக்குக் கடிப்பதில்லை, பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடிக்கத் திறமை எதுவும் வேண்டாம். நான் எழுந்து கம்பைத் தூக்கி, புழுவை அந்தச் சிவப்புக்கு நேராகக் கொண்டுபோனேன்.

"எடு கம்ப," என்றாள் மதினி.

"ஒரே மீன் மதினி. இது கெடச்சா நான் நிறுத்த மாட்டேன். உங்களுக்காகத்தான்."

"எனக்காகன்னு சொல்லாத. குஞ்சோட நிக்கிது, எடு."

நான் எடுக்கவில்லை. கறுத்த முதுகு திரும்பியது. புழுவுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. மதினி கரையிலிருந்து ஒரு மண்கட்டியைப் பெயர்த்து வீசினாள். தண்ணீர் தெறித்தது. சிவப்பு சிதறி மறைந்தது, கறுப்பும் மறைந்தது. என் முகமெல்லாம் சேறு.

"தாயப் புடிச்சா இம்புட்டுக் குஞ்சையும் மத்த மீனு தின்னு தீத்துரும். எங்க ஊருல இத செஞ்சவன அந்த வருசம் கண்மாயில எறங்கவிட மாட்டாக. அடுத்த வருசம் எதப் புடிப்ப? ஒன் நோட்டையா?"

"அடுத்த வருசம் யாரு வரப் போறா?" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மதினியின் முகத்தில் இருந்த கோபம் அப்படியே அணைந்தது. அதற்குக் கோபமே பரவாயில்லை. அவள் திரும்பி உட்கார்ந்து நரம்பை மறுபடியும் விரலில் சுற்றினாள்.

அங்கே நிற்க முடியாமல் கம்பை எடுத்துக்கொண்டு நடந்தேன். கரை வளைகிற இடத்தைத் தாண்டினேன். அங்கிருந்து ரோடு தெரியாது. எதையும் யோசிக்காமல் தூண்டிலை வீசினேன்.

தக்கை நிமிர்ந்து நின்றது.

சற்று நேரம் அதையே பார்த்தேன். நரம்பில் கனத்துக்குக் கட்டிய ஈயம் தரையைத் தொட்டால் தக்கை படுத்துவிடும். ஈயம் நடுத்தண்ணீரில் தொங்கினால்தான் நிமிரும். எட்டு வாரமாக என் தக்கை மடையடியில் படுத்தே கிடந்தது. தண்ணீர் வற்றியிருக்கிறது, நானோ தக்கையைப் போன வருடத்து ஆழத்தில் கட்டியபடியே விட்டிருந்தேன். நாளெல்லாம் அளவு குறிப்பது என் வேலை. இதை அளக்கத் தோன்றவே இல்லை. மதினி விரலையே நம்பினாள். ஆனால் கணுக்கால் அளவுத் தண்ணீரில் எந்த விரலுக்கு எது தட்டுப்படும்?

ஈயம் இன்னும் ஆழம் இறங்கும்படி தக்கையை ஒரு முழம் ஏற்றிக் கட்டி வீசினேன். நின்றது. இன்னும் ஒரு முழம். அதற்கும் நின்றது. மூன்றாவது முழத்தில்தான் படுத்தது. நான்கு எட்டு நடந்து போய் வீசினேன், அதே ஆழம். இன்னும் நான்கு எட்டு தள்ளியதும் சட்டென்று முழங்கால் ஆழம். ஓரம் நறுக்கியதுபோல் இருந்தது. நோட்டு மடையடியில் கிடந்ததால் ஈர மண்ணில் குச்சியால் வரைந்தேன். நீளம், அகலம், ஆழம். மணி எட்டரை தாண்டியிருக்கும். ஒன்பதரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

"மதினி!" என்று கத்தினேன். என்னவோ ஏதோ என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

"பாம்பா? எங்க?"

"பாம்பு இல்ல. பாருங்க, இந்த இடத்துல மட்டும் மூணு முழம் எறங்குது. ஓரமெல்லாம் நேரா வெட்டின மாதிரி இருக்கு."

மண்ணில் நான் போட்டிருந்த கோடுகளைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். "கரம்பை அள்ளுன குழி," என்றாள் மெல்ல. "கோடையில வயலுக்கு வண்டல் மண்ணு வெட்டி எடுத்திருக்காக. தண்ணி வத்துனா மீனு பூராம் இதுக்குள்ளதான் போய்ச் சேரும்." பிறகு என் சேற்று முகத்தைப் பார்த்தாள். "அடியே, எட்டு வாரமா நம்ம ரெண்டு கிறுக்கச்சிகளும் ரோட்டுக்குத் தெரியிற எடமாப் பாத்து ஒக்காந்திருந்தோமாடி?"

இருந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு முறை தக்கை துடித்தது. இரண்டு முறையும் அவசரப்பட்டு இழுத்துத் தவறவிட்டேன். முள் மழுங்கியிருந்தது.

வெறுங்கையோடு வீடு சேர்ந்தோம். அம்மா வாசலில் நின்றாள். "இன்னிக்கோட சரிதானே?"

"இல்ல. அடுத்த வாரமும் போறோம். மடையடியில இல்ல, வளைவுக்கு அங்கிட்டு. அங்க ஒரு குழி இருக்கு. அளந்தேன்."

"மீனு புடிக்கப் போனவ குழிய அளந்துட்டு வந்திருக்கா," என்றாள் அம்மா. "ரோட்டுல இருந்து தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். மதினி மொபெட்டின் பக்கத்திலேயே நின்றாள், உள்ளே போகவில்லை.

"தெரியாதும்மா."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கணும். ஒம்போது மணிக்கு வீட்டுல இருக்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அரை மணி நேரத்தைக் குறைத்துவிட்டாள். நாங்கள் பேரம் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று ஜிலேபிக் கெண்டை. அதற்கடுத்த வாரம் ஒன்று. பிறகு இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மாசிக் கடைசியில் குழியும் வற்றியது. அந்த விராலும் குஞ்சுகளும் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த வருடமும் மழை குறைவு. வளைவுக்கு அப்பால் இரண்டு முழத் தண்ணீர் இருக்கிறது. மதினியும் நானும் ஞாயிறுதோறும் போகிறோம், பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை.