மழைக்குக் கையேந்திய ஜெனரேட்டர் வியாபாரி

யுத்த காலத்தில் நான் பேராதனையில் பொருளாதாரம் படிப்பித்தேன். அக்குறணையில் ஒரு முஸ்லிம் அண்ணனின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன்; அவர் எல்லோருக்கும் 'நானா'. நம் நாட்டு மின்சாரம் ஆற்றுத் தண்ணீரில் வருவது, அதனால் நாம் ஏழைகளானாலும் புகை குறைந்தவர்கள் என்று வகுப்பில் பெருமையடிப்பேன். யுத்தத்தில் மின்சாரமே இல்லாமற்போன யாழ்ப்பாணத்தில் அம்மா போத்தல் விளக்கோடு இருந்தா. அங்கே புகை இன்னும் குறைவு. அதை மட்டும் பெருமையாகச் சொல்ல வாய் வராது.

ஒரு வருடம் மழை பொய்த்தது. மின்வெட்டு நீண்டது. கடைத்தெரு முழுக்க டீசல் ஜெனரேட்டர்கள் உறுமின. கொடியில் காயப்போட்ட என் வெள்ளைச் சட்டைகளில் கரி படிந்தது. அத்தனை ஜெனரேட்டர்களையும் விற்றவர் என் வீட்டுக்கார நானா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஊரே மைதானத்தில் மழைத் தொழுகைக்குக் கூடியது. முன்வரிசையில் நானா கையேந்தி துஆ கேட்டு அழுதார்.

"மழை பெய்தால் உங்கட யாவாரம் படுத்திடுமே, நானா?" என்று திரும்பி வந்தவரைக் கேட்டேன்.

"அதுக்காக துஆ கேக்காம ஈக்க ஏலுமா சேர்?"

மழை கொட்டியது. மின்சாரம் வந்தது, புகை அடங்கியது. விற்காத ஜெனரேட்டர்களுக்காக ஆறுதல் சொல்லலாமென்று கடைக்குப் போனேன். அவை மூலைக்குப் போயிருந்தன. வாசல்வரை புத்தம்புதிய ஃபிரிட்ஜ்கள்.

"கரண்ட் வந்துட்டே சேர், இனி எல்லாருக்கும் இதுதான் வேணும்!" என்று சிரித்தார்.

இத்தனை ஃபிரிட்ஜுக்கும் ஆற்றுத் தண்ணீர் எங்கே போதப்போகிறது, கடைசியில் நிலக்கரிதான் எரிக்கவேண்டிவரும் என்று அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு, சின்னதாக ஒன்றை எனக்கும் எடுத்துவைக்கச் சொன்னேன்.