எண்ண முடியாத சொல்

கைகளை மேசைக்கு அடியில் கோத்துக்கொண்ட பிறகுதான் எங்கள் மொழிபெயர்ப்பாளர் அம்மாள் வாயைத் திறப்பார். "கை பேச ஆரம்பிச்சா நாக்கு சோம்பேறி ஆயிடும்" என்பது அவர் கட்சி. போதாததற்குக் கன்னத்தில் ஒரு புதினா மிட்டாய். தமிழ் பேசும்போது அது இடது கன்னத்தில் இருக்கும். ஸ்பானிஷ் பேசும்போது வலது பக்கம் போய்விடும். அதே அறையில் தட்டச்சு செய்கிற எனக்கு, அவர் எந்த மொழிக்குத் தாவப்போகிறார் என்று கன்னத்தைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் குடியேற்ற அலுவலகத்தில் விசாரணைக்கு வருகிறவர்கள் ஸ்பானிஷில் சொல்வதை அதிகாரிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அதிகாரி கேட்பதை அவர்களுக்கு ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். அதுதான் அவர் வேலை. கணவர் கப்பலில் இருந்தவர். அவரோடு தூரத்துத் துறைமுகம் ஒன்றில் குடித்தனம் நடத்தி, மீன்காரியோடு பேரம் பேசியே கற்றுக்கொண்ட ஸ்பானிஷ்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒருநிமிஷம்'. எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்று கண்ணை மூடிக்கொண்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். "காபி வேணுமா அண்ணின்னு கேட்டாக்கூட ஒரு நிமிஷங்கறாங்க. அதுக்குள்ள ஆறிப்போயிடுது" என்று அவருடைய நாத்தனார் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

ஒருநாள் பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. கூட்டம் பிதுங்கியது. "இது ஹெந்தே" என்றார் திடீரென்று. "மொத்தமா சனம். அதை எண்ண முடியாது. அவங்க இலக்கணத்துல அது ஒருமை. கண்டக்டர் 'இன்னும் நாலு பேர் ஏறலாம்'னா, அந்த நாலு பேரு பெர்சோனாஸ். அதை எண்ணலாம். இதே கூட்டம் டிக்கெட் விலை ஏறிடுச்சுன்னு ரோட்டுல உக்காந்தா, அப்ப அது புவெப்லோ, மக்கள்."

"அப்ப நான் யாரு?" என்று கேட்டேன்.

கண்ணை மூடி யோசித்தார். "நீங்க இறங்கற இடம் தாண்டிப்போச்சு" என்றார்.

போன வாரம் ஒரு தச்சர் விசாரணைக்கு வந்தார். வந்த படகு கவிழ்ந்து, ஒரு மீன்பிடிப் படகு இவரைத் தூக்கியிருக்கிறது. மற்றவர்களை வேறு ஏதோ படகு தூக்கியதாகக் கேள்வி. உனக்கு என்ன வேண்டும் என்று அதிகாரி கேட்டார். தச்சர் மெதுவாக ஏதோ சொன்னார். அதில் 'மி ஹெந்தே' என்பது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது.

"என் ஆளுங்களோட சேரணும்னு சொல்றார்" என்றார் ஒருநிமிஷம்.

அதிகாரி நிமிர்ந்தார். "ஆளுங்களா? எத்தனை ஆளுங்களை வெச்சிருக்காராம்? அப்ப ஆள் கடத்தற கோஷ்டியே இவருதானா?" என்னைப் பார்த்து, "அப்படியே டைப் அடிங்க. இவரைத் தனியா வைக்கச் சொல்லணும்" என்றார்.

என் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றன.

"ஒரு நிமிஷம்." எப்போதும் பேசுவதற்கு முன்னால் வருகிற சொல் அன்று பேசிய பிறகு வந்தது. "அவர் சொன்னது சரி சார். நான் சொன்னதுதான் தப்பு. ஆளுங்க இல்ல. வீட்டு மனுஷங்க."

சொன்ன வார்த்தையை இப்படித் திருத்திய மொழிபெயர்ப்பாளர் ஒருவரை, 'நம்ப முடியாதவர்' என்று சொல்லி முன்பே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும்.

"என்னம்மா, அவருக்காகப் பேசறீங்களா?"

"அவருக்காகப் பேசல சார். அவர் பேசினதைப் பேசறேன்."

"வீட்டு மனுஷங்கன்னா பொண்டாட்டி புள்ளைன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே? எத்தனை பேருன்னு கேளுங்க."

மிட்டாய் வலது பக்கம் போனது. கேட்டார். தச்சர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடியே நெடுநேரம் பேசினார். மிட்டாய் இடது பக்கம் திரும்பி வர நேரமானது.

"மனைவி, ரெண்டு பொண்ணுங்க. தண்ணியில விழுந்தப்ப பார்த்தது, அப்புறம் பார்க்கலையாம். எத்தனை பேருன்னு சொன்னா எண்ணணும். எண்ணினா, ஒண்ணு குறைஞ்சா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு, அதான் மி ஹெந்தேன்னு சொன்னேங்கறார்."

அதிகாரிக்கும் இரண்டு பெண்கள். போனை எடுத்து, கடலில் மீட்ட பெண்களைத் தங்கவைக்கும் விடுதிக்குப் போட்டார். தச்சரின் பெயரையும் ஊரையும் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ தேடப் போனார்கள். தச்சருக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது புரிந்துவிட்டது. நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சரி... சரிம்மா" என்று அதிகாரி போனை வைத்தார். "மூணு பேரும் இருக்காங்களாம்."

கண்ணை மூடாமலே ஒருநிமிஷம் தச்சர் பக்கம் திரும்பினார். மேசைக்கு அடியிலிருந்து வலது கை மேலே வந்தது. மூன்று விரல்கள். "த்ரெஸ்" என்ற சொல் அதற்குப் பிறகுதான் வாயிலிருந்து வந்தது. தச்சர் மேசையில் தலை கவிழ்த்து அழுது முடிக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.