பாஷா பாய் பூமிக்கு உறை ஊற்றிய கதை

மெஹபூப் பாஷாவுக்குக் கையை அடக்கத் தெரியாது. பிரியாணிக்கு ஒரு கரண்டி நெய் என்றால் டின்னையே சாய்ப்பார். டீக்குச் சர்க்கரை போடச் சொன்னால் குடிக்கிறவர் பல் கூசும்வரை போடுவார். "இந்தக் கைக்கு ஆண்டவன் மணிக்கட்டு வெச்சானே தவிர கடிவாளம் வைக்கல" என்று அவர் மனைவி ரோஷன் பீ சொல்லாத நாள் கிடையாது. அவர் பிழைத்தது அந்தக் கையால்தான். ஊர் சிரித்ததும் அந்தக் கையால்தான்.

அவருடைய ஓட்டல் குருபரப்பள்ளியில், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற பெரிய ரோட்டின் மேட்டுப் பக்கத்தில் இருந்தது. ஓட்டல் வைப்பதற்கு முன்னால் பாஷா லாரி கிளீனர். சிமெண்ட் மூட்டை, கரி, கிரானைட் தூள் என்று எல்லாவற்றின் மேலேயும் படுத்து வந்தவர். வழியில் சோறு எங்கேயும் கிடைக்கும், குளிக்கத் தண்ணீர்தான் கிடைக்காது. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டதற்கு ஓட்டல்காரர்கள் விரட்டிய விரட்டலை அவர் கடைசிவரை மறக்கவில்லை. சொந்தமாக ஓட்டல் வைத்தால் முதலில் குளியல், அப்புறம்தான் சோறு என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் இடம் வாங்கியதும் அப்படியேதான் செய்தார். அடுப்பு போடுவதற்கு முன்னால் போர் போட்டார். கூரை போடுவதற்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று குளிக்கிற மாதிரி நீளமாகத் தொட்டி கட்டினார். 'குளிக்கத் தண்ணீர் இலவசம், சோப்பு கேட்டு வாங்கவும்' என்று தமிழிலும் கன்னடத்திலும் போர்டு எழுதி மாட்டினார். ஓசூரில் கம்பெனிகள் முளைக்க முளைக்க லாரிகள் பெருகின. டிரைவர்கள் குளித்தார்கள். குளித்தால் பசிக்கும், பசித்தால் சாப்பிட்டார்கள். பிரியாணி சுமார்தான், அதை ரோஷன் பீயே ஒப்புக்கொள்வார். ஓட்டல் ஓடியது தொட்டியால்.

ரோட்டுக்கு எதிரே, பள்ளத்துப் பக்கத்தில், கங்கப்பனின் மிலிட்டரி ஓட்டல். களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் அங்கே உண்மையிலேயே பிரமாதம். ஆனால் அழுக்கோடு உட்கார்ந்து பிரமாதத்தைச் சாப்பிட டிரைவர்களுக்கு மனம் வரவில்லை. இது பல வருஷமாகக் கங்கப்பனை உறுத்திக்கொண்டே இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அடுத்தடுத்து மழை பொய்த்தது. பாஷாவின் போர் முதலில் இருமியது, பிறகு வெறும் காற்றை ஊதியது, பிறகு அதுவும் நின்றது. அதே சமயம் பார்த்துக் கங்கப்பன் ஆழமாக ஒரு போர் போட்டு, பாஷாவின் தொட்டியைவிட ஒரு முழம் நீளமாகத் தொட்டியும் கட்டிவிட்டார். லாரிகள் எல்லாம் ரோட்டின் அந்தப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தன. பாஷாவைப் பார்த்து ஹாரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்தக் கும்பிடுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

வேலையாட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ரோஷன் பீ கடைசியில் சொல்லிவிட்டார். "ஐப்பசிக்குள்ள தொட்டியில தண்ணி நிக்கலன்னா கடைய மூடிட்டு பெங்களூருக்குப் போயிடலாங்க. எங்கண்ணன் டயர் கடையில ஆள் வேணுமாம்." அந்த மச்சான், வருகிற ஆளுக்கு டீ சொல்லிவிட்டு அதைப் பாதியாக ஊற்றச் சொல்கிறவர். அவரிடம் கைகட்டி நிற்பதை நினைத்த பாஷாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில் கருப்பசாமி வந்தார். பர்கூர் என்ஜினீயரிங் காலேஜில் வாத்தியார், விருதுநகர் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அந்தச் சுமாரான பிரியாணியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற நல்ல மனுஷர். காய்ந்த போரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பாய், பூமியில இருந்து எடுத்துக்கிட்டே இருந்தா எப்படி? திருப்பிக் கொடுக்கணும்ல. போர் பக்கத்துலயே ஒரு பெரிய குழி வெட்டுங்க. அடியில பெருங்கல்லு, அதுக்கு மேல ஜல்லி, அதுக்கு மேல மணலு. கூரைத் தண்ணி, வாசல் தண்ணி எல்லாத்தையும் கால்வா வெட்டி அதுல திருப்பி விடுங்க. மழை பேஞ்சா பூமிக்குள்ள இறங்கும், போரு ஊறும்."

பாஷாவுக்கு இது உடனே பிடித்துப்போனது. குழி வெட்டச் சொன்னால் அவர் கை சும்மா இருக்குமா? வாத்தியார் சொன்னதைப்போல ரெண்டு பங்கு வெட்டினார். கல்லுக்குப் பஞ்சமில்லை. பர்கூர் குவாரியிலிருந்து வரும் டிரைவர்கள் உடைந்த கிரானைட்டைக் கொண்டுவந்து சும்மாவே கொட்டினார்கள். அந்தத் தொட்டியில் குளித்த நன்றி. வைகாசியில் குழி தயார். வானம்தான் தயாராக இல்லை.

"எப்ப சார் பேயும்?"

"ஆவணி, புரட்டாசி ஆகும் பாய். பொறுமையா இருங்க."

"பாலை வெச்சுட்டு தயிராவும் தயிராவும்னு பாத்துக்கினே இருந்தா ஆயிடுமா சார்? கொஞ்சம் உறை ஊத்தணும் இல்ல?"

வாத்தியார் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு பஸ் ஏறினார். பாஷா வேடிக்கையாகச் சொல்லவில்லை. சமையற்காரர் மூளைக்கு அது பட்டப்பகல் மாதிரி தெளிவாக இருந்தது. கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டால் அது போய் உள்ளே இருக்கிற தண்ணீரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும்.

உறைக்குத் தண்ணீர் எங்கே? சுற்றுவட்டாரத்தில் டேங்கர் வைத்துத் தண்ணீர் விற்றவர் ஒரே ஆள். கங்கப்பன். எதிரியிடம் கேட்பதா என்று பாஷா யோசித்தார். பிறகு டயர் கடை ஞாபகம் வந்தது. கேட்டுவிட்டார்.

முதல் டேங்கர் வந்த அன்று துஆ ஓதினார், ஊதுபத்தி கொளுத்தினார். நல்ல காரியத்துக்குப் பன்னீர் தெளிக்க வேண்டும், வீட்டில் பன்னீர் இல்லை. அடுக்களையில் தாழம்பூ எசென்ஸ் டப்பா ஒன்று இருந்தது. கல்யாண பிரியாணிக்காக வேலூரிலிருந்து வாங்கி வந்தது. ஒரு அண்டாவுக்கு ஒரு சொட்டு போதும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ரோஷன் பீ உள்ளிருந்து "ஒரு சொட்டுங்க, ஒரே சொட்டு!" என்று கத்தினார். பாஷா டப்பாவைக் குழிக்கு நேராகப் பிடித்து அப்படியே கவிழ்த்தார்.

அடுத்தடுத்து டேங்கர்கள் வந்தன. கல்லாவில் இருந்ததெல்லாம் குழிக்குள் போனது. குழியும் ஆவலாகக் குடித்தது. தினமும் காலையில் பாஷா போர்க் குழாயில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே சத்தமே இல்லை. "உறை பத்தல" என்று சொல்லி இன்னொரு டேங்கருக்கு ஆள் அனுப்புவார்.

எதிர்ப் பக்கத்தில்தான் அதிசயம் நடந்தது. கங்கப்பன் தொட்டியில் குளித்தவர்கள் மாப்பிள்ளை மாதிரி மணத்துக்கொண்டு வந்தார்கள். கங்கப்பனுக்கே காரணம் தெரியாது. ஆனால் வியாபாரி வாயை மூடிக்கொண்டு இருப்பாரா? 'மூலிகை ஊற்றுக் குளியல், அரிப்பு, படை நீங்கும்' என்று புதுப் போர்டு மாட்டினார். ஓசூர் போகிற லாரிகள் மட்டுமல்லாமல், ஓசூரிலிருந்து திரும்புகிற லாரிகளும் நின்று குளித்துவிட்டுப் போயின.

ஒருநாள் டேங்கர் குழாயைத் திறந்துவிட்டதும் ரோஷன் பீ முந்தானையால் மூக்கைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்தார். "ஏங்க, இன்னிக்கு நாம பிரியாணியே போடலயே. யார் ஊட்டு அண்டா மணக்குது?" பாஷா குனிந்து டேங்கர் தண்ணீரைக் கையில் பிடித்து மோந்தார். மறுபடியும் மோந்தார். அவர் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினார். ஒரு பஸ் டிரைவர் பிரேக் போட்டுத் திட்டிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல.

"ஏய் கங்கப்பா! என் தண்ணிய என்கிட்டயே விக்கறயா?"

கங்கப்பன் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஏமி பாய், உன் தண்ணின்னு அதுல பேரு எழுதி இருக்குதா?"

"பேரு எதுக்கு? மோந்து பாரு! எங்க ஊட்டு பிரியாணி எசென்ஸ்!"

"இது மூலிகை ஊத்து பாய். போர்டே வெச்சிருக்கறன் இல்ல?"

"மூலிகையா? அது வேலூர்ல நான் வாங்கியாந்த டப்பா! என் குழியில ஊத்தனது ரோட்டுக்கு அடியில பூந்து உன் போருக்கு வந்திருக்குது. அதை எடுத்து எனக்கே அனுப்பற. நான் மறுபடியும் உனக்கே ஊத்தறன்!"

தொட்டியில் சோப்பு போட்டுக்கொண்டிருந்த டிரைவர்களுக்கு மூச்சு முட்டச் சிரிப்பு. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ என் படை கொறஞ்சிருக்குன்னு சொன்னியே அண்ணா?" என்று கங்கப்பனைக் கேட்டார். கங்கப்பன் அவசரமாக அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கருப்பசாமி வந்து முழுக் கதையையும் கேட்டார். பாவம், சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. "காசு குடுத்து டேங்கர் தண்ணிய ஊத்தச் சொன்னது யாரு பாய்? மழைத் தண்ணியத்தான சொன்னேன். கீழ ரெண்டு போரும் ஒரே பாறை வெடிப்புல நிக்குது போல. நீங்க மேட்டுல, அவரு பள்ளத்துல. மழை நல்லா இறங்குனா முதல்ல அவரு பக்கம் நிறையும், பெறகுதான் உங்க பக்கம் ஏறும்."

"முதல்ல அவனுக்கா?"

"தண்ணிக்கு யாரு எவருன்னு தெரியுமா பாய்?"

பாஷாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மறுநாளே குவாரி லாரிக்காரர்களைக் கூப்பிட்டு, கதவளவு கிரானைட் பலகை ஒன்றைக் குழியின் வாயில் போட்டு மூடச் சொன்னார். நான்கு பேர் மூச்சைப் பிடித்து இறக்கினார்கள். அந்த லாரிக்காரர்கள் போனதும் பாஷா அதன் மேல் ஏறி உட்கார்ந்து எதிர்ப் பக்கத்தைப் பார்த்தபடி பீடி குடித்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் அந்த வருஷத்தில் உட்கார்ந்ததே இல்லை.

ஆடி போனது, ஆவணி போனது. கங்கப்பனின் மூலிகை ஊற்றில் வாசம் குறைந்தது, பிறகு ஊற்றே குறைந்தது. அவர் தொட்டியிலும் பாசி காய்ந்து உரிந்தது. இரண்டு ஓட்டல்களையும் தாண்டி லாரிகள் தூசி கிளப்பிக்கொண்டு சூளகிரிக்குப் பறந்தன. பெங்களூரிலிருந்து மச்சான் ஆளனுப்பிக் கேட்டார். ரோஷன் பீ பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாரல், தூறல் என்கிற முன்னுரை எதுவும் இல்லாமல் கொட்டித் தீர்த்தது. கூரைத் தண்ணீர் கால்வாயில் சுழித்து ஓடி வந்து, பலகையில் முட்டி, அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டுச் சாக்கடைக்குப் போனது. பாஷா வாசலில் நின்று பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீருக்காக விரட்டப்பட்ட கிளீனர் அவருக்குள் இன்னும் இருந்தான். எதிரிக்குப் போவதைக்கூட அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும், இப்படி யாருக்கும் இல்லாமல் போவதைப் பொறுக்க முடியவில்லை.

"போங்க, போய்த் தொறங்க!" என்றார் ரோஷன் பீ. "அவன் குடிச்சுட்டுப் போறான். அவன் வயிறு நிறைஞ்சாத்தான நமக்கு வரும்?"

இருவரும் மழையில் இறங்கிப் பலகையைத் தள்ளினார்கள். அது அசையவில்லை. கடப்பாரை போட்டுப் பார்த்தார், வழுக்கி விழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தபடியே ரோட்டின் எதிர்ப் பக்கம் பார்த்துக் கத்தினார். "கங்கப்பா! ஏய் கங்கப்பா! இங்க வாடா! உன் தண்ணி வீணாப் போவுது!"

கங்கப்பன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கடப்பாரையோடு ரோட்டைத் தாண்டி வந்தார். கடப்பாரையைப் பலகைக்கு அடியில் கொடுத்தார். "அய்யோ தேவுடா, என்னா கனம்! கோபத்துலகூட உனக்குக் கை அளவு தெரியாதா பாய்?" என்று முனகினார். ரோஷன் பீயும் ஒரு முனையைப் பிடித்தார். பலகை ஓர் ஓரமாக விலகியதும் தண்ணீர் குழிக்குள் தடதடவென்று விழுந்தது. மூன்று பேரும் தொப்பலாக நனைந்துகொண்டு அது உள்ளே போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஷா அழுதார். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை என்று அவர் பின்னாளில் சொல்லுவார், ரோஷன் பீக்குத் தெரிந்திருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்கக் குழி குடித்தது. வாத்தியார் சொன்னபடியே முதலில் கங்கப்பன் தொட்டி நிறைந்தது. பாஷா அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். ஐப்பசி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் மோட்டாரைப் போட்டார். காற்று வந்தது. செம்மண் வந்தது. பிறகு கைப்பருமனுக்குத் தண்ணீர் வந்தது. பாஷா லுங்கி, பனியனோடு தொட்டிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிட்டார். ரோஷன் பீ பெட்டியை மறுபடியும் பரணில் ஏற்றினார்.

அன்று சாயங்காலம் கங்கப்பன் வந்தார். கையில் ஒரு பொட்டலம். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார்.

"பாய், டிரைவருங்கோ வாசம் எங்க, வாசம் எங்கன்னு உசுர எடுக்கறாங்கோ. கிருஷ்ணகிரி முழுக்க அலைஞ்சு இதை வாங்கியாந்தன்." பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே புத்தம்புதிய தாழம்பூ எசென்ஸ் டப்பா. "நானே என் போர்ல ஊத்திடலாம். ஆனா குழி உன்னுது. நீ ஊத்தனா ரெண்டு பேருக்கும் வரும்."

ரோஷன் பீ அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். "ஒரு சொட்டுங்க! ஒரே ஒரு சொட்டு!"

அதற்குள் டப்பா காலி.