முள் இல்லாத மீன்கள்

பேச்சிலேயே குத்துவாள் என்பதால் என் தங்கைக்கு வீட்டில் 'முள்ளு' என்று பெயர். இப்போது அவள் ஆராய்வதும் மீனின் முள்ளைத்தான். எங்கள் வீட்டிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் அவள். நான் எலக்ட்ரீஷியன்.

அவள் ஆராயும் சிறு மீனுக்குக் கடலில் வயிற்றோரம் இரண்டு முட்கள் உண்டு. விழுங்க வரும் பெரிய மீனின் தொண்டையில் அவை குத்தும். பெரிய மீனே இல்லாத எங்கள் ஏரியில், எப்போதோ கடலிலிருந்து வந்து தங்கிய அதே மீன் பல தலைமுறைகளில் முள்ளை இழந்துவிட்டது.

"முள்ளை உண்டாக்குற மரபணு அப்படியேதான் இருக்குண்ணா. வயித்துல மட்டும் அதோட சுவிட்ச் வேலை செய்யல" என்பாள்.

தூண்டில் போட்டுப் பிடிப்பதற்காகச் சிலர் சில மாதங்களுக்கு முன்பே அந்த ஏரியில் பெரிய மீன்களை விட்டிருந்தது நேற்றுதான் தெரிந்தது. இன்று காலை வலையும் வாளியுமாக இருவரும் ஓடினோம்.

"சுவிட்ச்தானே? திரும்பப் போட்டா முள்ளு வந்துடாதா?" என்றேன்.

"உன் கடை சுவிட்சா இது? பல்பு நல்லாத்தான் இருக்கு. சுவிட்சைச் சுவத்தோட பெயர்த்தாச்சு. ஒரு ஜோடியாவது பிடிச்சாதான் இந்த ஏரி இனம் தொட்டியிலாவது பிழைக்கும். பேசாம வலையைப் பிடி."

வழக்கமாக நிறைந்து வரும் வலை மூன்று முறை வெறுமையாக வந்தது. நான்காம் முறை ஒன்று சிக்கியது. அதைப் புரட்டி வயிற்றைத் தடவினாள். வழவழவென்றிருந்தது.

நிறத்தைப் பார்த்து, "ஆண்" என்று வாளியில் விட்டாள்.

மறுபடி வலையை இறக்கினோம். காற்றே இல்லை. ஆனாலும் ஏரி நடுவில் தண்ணீர் அகலமாகப் புரண்டது.