சுனிதா திருடியான ஞாயிற்றுக்கிழமை

சுனிதாவுக்குப் பொறாமை என்பதே கிடையாது என்று மர்பி டவுனில் எங்கள் தெருவே சொல்லும். தெருவுக்கு என்ன தெரியும்? அவளுக்குப் பொறாமை உண்டு, வண்டி வண்டியாக உண்டு. அதைக் காட்ட நேரம் கிடைத்ததில்லை, அவ்வளவுதான்.

காலை ஐந்து மணிக்கு எழுவாள். அம்மாவின் சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்து, அண்ணன் நரேஷின் இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் கட்டிவிட்டு, ஆறரைக்கு அல்சூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் இருப்பாள். பதினான்கு வருடமாக அங்கே டெக்னீஷியன். ஒரு ஷிப்டில் நான்கு நோயாளிகள், நான்கு மெஷின்கள். ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிற நான்கு மணி நேரமும் அவளுக்குக் கேட்பதுதான் வேலை. தலை சுத்துதா? கால் இழுக்குதா? குளிருதா? சிலர் பதில் சொல்வார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். இவள் அடுத்த கட்டிலுக்குப் போய் அதையே மறுபடி கேட்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதே கேள்விகள்.

அப்பா கோவிந்தப்பா இறந்துபோன வருடம்தான் அவளுக்கு முதல் சம்பளம் வந்தது. அதன் பிறகு இரண்டு வரன் வந்து, இரண்டும் பேச்சோடு நின்றுபோயின. இப்போது முப்பத்தேழு வயது. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அவளைக் கேட்பவர்களை என்னிடம் அனுப்பி வைக்கலாம், நான் பதில் சொல்கிறேன்.

நான் வீணா. அவள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன், ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது நான்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில் டேரில் என்று ஒருவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் விளையாட்டு. டேரில் ஒரு கதையை நடத்துவார். மற்ற நான்கு பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்வோம். இருபது முகம் உள்ள ஒரு பகடையை உருட்டினால், நினைத்தது நடந்ததா, மண்ணைக் கவ்வினோமா என்று தெரிந்துவிடும்.

நான்கு பேருக்கு நான்கு வேடம். சண்டைக்கு ஒரு வீரர், மந்திரத்துக்கு ஒரு மந்திரவாதி, பூட்டைத் திறக்க ஒரு திருடர், அடிபட்டவர்களைத் தேற்ற ஒரு வைத்தியர். இதில் ஒன்று குறைந்தாலும் கூட்டம் பாதிக் கதையில் செத்துவிடும். எனவே எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. மேசைக்கு முதலில் வந்து சேர்ந்தவர் முதலில் எடுப்பார், அடுத்தவர் அடுத்தது, கடைசியாக வந்தவருக்கு மிச்சம். சில்வெஸ்டர் மந்திரவாதி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மேசைக்கு முதல் ஆள். அடுத்து வந்த ஓஸ்வால்ட் திருடன். நான் வீரர், கோடாலி என் ஆயுதம். வாரம் முழுக்க நாற்பது பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கோடாலி அவசியம். கடைசியாக வந்த சுனிதா வைத்தியர்.

"ஆஸ்பத்திரி ஆளே வந்துட்டாங்க, வேற என்ன வேணும்?" என்று அன்றைக்கு சில்வெஸ்டர் கைதட்டினான். எல்லாரும் சிரித்தோம். அவளும்தான்.

மூன்று வருடம், இரண்டு நீளக் கதைகள், இரண்டிலும் அவள்தான் வைத்தியர். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் செய்ததையே ஏழாவது நாளும் மேசையில் செய்தாள். டேரில் இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். அடிபடும்போதெல்லாம் குறைந்து, தீர்ந்தால் ஆள் செத்துப்போகிற உயிர்ப்புள்ளி அவரவர் காகிதத்தில் பென்சிலால் எழுதியிருக்கும், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கக் கூடாது, அவரும் பார்க்க மாட்டார். "உங்க உயிர், உங்க பொறுப்பு" என்பார். அதனால் வைத்தியர் ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுனிதா கேட்பாள். "வீணா, எவ்ளோ இருக்கு? சில்வெஸ்டர், உங்களுக்கு?" நாங்கள் சொல்வோம், அவள் தேற்றுவாள், நாங்கள் மறுபடி போய் அடி வாங்குவோம்.

அவளுக்குத் திருடியாக வேண்டும். அது எனக்கு மட்டும் தெரியும். ஓஸ்வால்ட் ஒரு பூட்டைத் திறக்கும்போது அவள் பார்க்கிற பார்வை, அடுத்த இலையில் விழுகிற பாயசத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அவனுக்குக் கனடா விசா விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அது வர வேண்டும் என்று அவனைவிட அதிகமாகக் கவலைப்பட்டவள் இவள்தான். சிவாஜிநகர் மாதா கோயிலில் மெழுகுவத்திகூட ஏற்றினாள். மாதா என்ன நினைத்தாளோ, விசா வந்துவிட்டது. ஓஸ்வால்ட் கிளம்பினான்.

புதுக் கதை ஆரம்பிக்கும் முன் வேடம் தேர்ந்தெடுக்கிற ஞாயிற்றுக்கிழமை, காலியான நாற்காலிக்கு டேரில் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். அவர் கடையில் புதிதாகச் சேர்ந்த டிசைனர், பெயர் லாவண்யா, இருபத்து நான்கு வயது இருக்கும். சுனிதாவுக்கு அதில் வருத்தமே இல்லை. வழக்கப்படி இப்போது கடைசி ஆள் லாவண்யாதானே! சில்வெஸ்டர் மந்திரவாதியை எடுப்பான், நான் கோடாலியை எடுப்பேன், திருடி இவளுக்கு, மிச்சம் புதுப்பெண்ணுக்கு.

டேரில் காகிதங்களை மேசையில் பரப்பினார். பரப்பிவிட்டு லாவண்யா பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்ன ரோல் பிடிக்கும்மா? உன் இஷ்டம், எது வேணா எடுத்துக்க."

மேசைக்கு அடியில் சுனிதா என் தொடையைக் கிள்ளினாள். இரண்டு நாள் கன்றிப்போய் இருந்தது.

லாவண்யா சிரித்தாள். "உங்களுக்கு எது கம்மியா இருக்கோ அதையே குடுங்க சார். எனக்கு எல்லாமே புதுசுதானே."

"பாரு, என்ன மனசு!" என்றார் டேரில். சில்வெஸ்டர் அவளுக்கு ஒரு காரா பன் எடுத்துக் கொடுத்தான். வைத்தியரின் காகிதம் அவளிடம் போனது, திருடியின் காகிதம் சுனிதாவிடம் வந்தது. ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளத்தான் அவளால் முடியவில்லை.

திரும்பி வருகையில் ஆட்டோவில் வெடித்தாள்.

"மூணு வருஷத்துல ஒரு நாள் என்னை அப்படிக் கேட்டாரா அந்த மனுஷன்? உனக்கு என்ன பிடிக்கும்மான்னு?"

"நீயே வாயத் தொறந்து கேட்டிருக்கலாம் இல்லடி?"

"கேட்டு வாங்கறதுக்கு அது என்ன ரேஷன் கடையா? வந்த அன்னிக்கே அவளுக்கு எல்லாம் கெடைக்குது. எனக்குப் பத்தி எரியுது வீணா, சும்மா விடு என்னை."

ஆனாலும் அந்த வாரம் அவள் ஒரு நோட்டில் தன் திருடியின் கதையை எழுதினாள். எனக்குப் படித்துக் காட்டினாள். பெயர் கத்தரி. சந்தையில் வளர்ந்தவள். அம்மா இல்லை, அண்ணன் இல்லை, எந்த ஊரிலும் ஒரு ராத்திரிக்கு மேல் தங்க மாட்டாள், யாருக்கும் டிபன் கட்ட மாட்டாள். கடைசி வரியைப் படித்துவிட்டு அவளே சிரித்தாள். எனக்கு என்னவோ போல இருந்தது.

அடுத்த ஞாயிறு கதை ஆரம்பமானது. மழைத்தண்ணீர் புகுந்த ஒரு பழைய கிடங்கு, அதற்குள் ராட்சதப் பல்லிகள், நடுவே ஒரு பெட்டி. லாவண்யா வீட்டிலிருந்தே எங்கள் நான்கு பேருக்கும் சின்னச் சின்ன அட்டை பொம்மைகள் வரைந்து வெட்டிக் கொண்டு வந்திருந்தாள். என் கோடாலிக்குச் சிவப்புப் பிடி. சுனிதாவின் கத்தரிக்கு முக்காடு, இடுப்பில் சாவிக்கொத்து. அழகாகத்தான் இருந்தது. சுனிதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். நோயாளிகள் கொண்டு வந்து கொடுக்கிற ஸ்வீட் பெட்டிக்குக்கூட அவள் இதைவிட நன்றாக நன்றி சொல்வாள்.

முதல் சண்டை முடிந்ததும் லாவண்யா ஒவ்வொருவர் பக்கமும் குனிந்து கேட்டாள். "வீணா அக்கா, ரொம்ப வலிக்குதா? எவ்ளோ இருக்கு?" அவள் கேட்கிற விதத்தில் எனக்கே ஏதோ நிஜமாக அடிபட்டது போல் இருந்தது.

"இதான்யா ஹீலர்!" என்றான் சில்வெஸ்டர். "இத்தன நாள் நாம என்ன பண்ணிட்டு இருந்தோம்?"

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஒரு வார்த்தை பேசும்முன் யோசிக்கிற பழக்கம் அவனுக்குப் பிறவியிலேயே இல்லை. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சுனிதாதான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அவள் அண்ணி புதுப் புடவை காட்டும்போது வருகிற சிரிப்பு அது.

அதற்குப் பிறகு அவள் கத்தரியை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! யாருக்கும் காத்திருக்காமல் பல்லிகளுக்கு நடுவே புகுந்து பெட்டியிடம் போய்விட்டாள். பகடையை உருட்டினாள். பதினெட்டு. பூட்டு திறந்துவிட்டது. மூன்று வருடமாக அவள் ஆசைப்பட்ட அந்தப் பூட்டு! சுனிதா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். மூடியைத் தூக்குகிறேன் என்றாள். மூடிக்கு அடியில் விஷ ஊசி. உயிர்ப்புள்ளியில் பதினொன்று போனது. காகிதத்தில் அழித்து எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் எழுதியது ஒற்றை இலக்க எண் என்பது கை போன விதத்திலேயே தெரிந்தது.

டேரிலும் சில்வெஸ்டரும் தண்ணீருக்குள் நெருப்பு மந்திரம் பலிக்குமா என்று புத்தகத்தைப் புரட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாவண்யாவிடம் ஒரே ஒரு தேற்றும் மந்திரம்தான் பாக்கி. அவள் சுனிதா பக்கம் குனிந்தாள்.

"அக்கா, ஊசி குத்திச்சே. உங்களுக்கு எவ்ளோ இருக்கு? பரவாயில்லையா?"

"எனக்கு நல்லாதான் இருக்கு. நீ வீணாவப் பாரு."

"நெஜமாவா அக்கா?"

"சொல்றேன் இல்ல?"

எனக்கு ஒரு கீறல்தான். லாவண்யா கடைசி மந்திரத்தை எனக்குப் போட்டாள். அடுத்த சுற்றில் பல்லி வாலைச் சுழற்றியது. டேரில் பகடையை உருட்டி, "கத்தரிக்கு அஞ்சு" என்றார். சுனிதா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"செத்துட்டேன்" என்றாள்.

முதல் நாளே ஆள் சாவது எங்கள் மேசையில் நடந்ததில்லை. டேரிலுக்கு முகம் மாறிவிட்டது. அவர் நல்லவர்தான், ஆனால் கதை கெட்டால் கோபம் வந்துவிடும்.

"என்னம்மா லாவண்யா, ஊசி குத்தினவங்கள விட்டுட்டு கீறல் பட்டவங்களுக்குப் போட்டிருக்க? ஹீலர்னா கேக்க வேணாமா? சுனிதா இருந்தவரைக்கும் ஒருத்தர் செத்ததில்ல இங்க."

லாவண்யா சுனிதாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவள். வாயைத் திறந்திருக்க வேண்டும். சுனிதாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். வகுப்பில் இதையே ஒரு பிள்ளை செய்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

"சாரி அக்கா" என்றாள் லாவண்யா. "நான் சரியா பாக்கல. சார், சுனிதா அக்காவே ஹீலரா இருக்கட்டும். நான் வேற எதாவது எடுத்துக்கறேன்." வைத்தியரின் காகிதத்தை மேசையில் தள்ளினாள்.

"அதான் சரி. ஆளாளுக்கு அவங்கவங்க வேலை" என்றான் சில்வெஸ்டர். டேரிலும் தலையாட்டினார். இருவருக்கும் பெரிய நிம்மதி. பழைய வைத்தியர் திரும்பக் கிடைத்துவிட்டார், இனி யாரும் சாக வேண்டியதில்லை.

சுனிதாவின் முகத்தை நான் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் அதில் சந்தோஷம் இருந்தது. புதுப்பெண் தோற்றுவிட்டாள், எல்லார் எதிரிலும் தோற்றுவிட்டாள், மேசை மறுபடி இவளிடமே வந்து நிற்கிறது. பிறகு அவள் லாவண்யாவைப் பார்த்தாள். அந்தப் பெண் அழாமல் இருப்பதற்காக அட்டை பொம்மைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சுனிதா அந்தக் காகிதத்தை எடுத்து லாவண்யாவின் முன்னாலேயே திரும்ப வைத்தாள்.

"அவ கேட்டா சார். ரெண்டு தடவ கேட்டா. மூணுதான் இருந்துது, நான் நல்லாருக்கேன்னு பொய் சொன்னேன்."

"ஏன்?" என்றார் டேரில். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"பொறாமை சார். வேற என்ன? மூணு வருஷமா நான் உங்க எல்லாரையும் கேட்டுக்கிட்டே இருந்தேன், எவ்ளோ இருக்கு, எவ்ளோ இருக்குன்னு. எனக்கும் அடிபட்டுது. உனக்கு எவ்ளோ இருக்குன்னு என்னை ஒருத்தரும் கேக்கல. இவ வந்த மொத ஆட்டத்துலயே கேட்டுட்டா. என்னால இவளப் பாக்கவே முடியல."

டேரில் தலை குனிந்துகொண்டார். சில்வெஸ்டர் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். லாவண்யா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சுனிதா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று வருடமும் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான்.