இந்தச் சனிக்கிழமை என் பாடு

தேசப்பன் அண்ணன் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்திருக்கிறார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது...

பழவேற்காட்டில் குடியை விட நினைக்கிறவர்கள் சனிக்கிழமைதோறும் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தை நடத்தியவர் அவர்.

பெயரைப் போடலாமா என்று அவர் மனைவி கஸ்தூரி அக்காவிடம் கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சதுதான... எழுதுப்பா" என்றார்.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். இந்தப் பக்கத்தில் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறு வேலையாக, பத்திரிகைக்குச் செய்தி எடுக்கத்தான் அங்கே போனேன். ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர். அதற்குப் பாடு என்று பெயர்.

பாடு விஷயத்தில் இரண்டு குப்பத்துக்குள் தகராறு, சாயங்காலம் பேச்சுவார்த்தை என்று தகவல். பஸ் ஸ்டாண்டில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், பாடு பேசுகிற இடம் எது என்று கேட்டேன்.

அவர் கிட்டத்தில் வந்தார். என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். மதியமே இரண்டு ரவுண்டு முடித்திருந்தேன்.

டச்சு கல்லறைக்குப் பின்னால் மீன் ஏலக்கூடம் இருக்கிறது, அஞ்சு மணிக்குப் போ என்றார்.

போனேன். காலையில் மீன் கொட்டிய தரை, அதன்மேல் பாய், பதினோரு பேர். கை நடுக்கத்தில் வலையில் முடிச்சு விழுவதில்லை, படகில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். தொழில் பாதிப்பு என்று நினைத்து இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவர் நோட்டை எட்டிப் பார்த்தார். அவர்தான் தேசப்பன் அண்ணன். "இன்னா சார் எழுதினு கீற?"

பாடு தகராறு பற்றி என்றேன். இடம் மாறி வந்துவிட்டேன் போலிருக்கிறது என்றும் சொன்னேன்.

"இதுவும் பாடுதான் சார். வாரம் ஒர்த்தர் பேசுவோம். இடம்லாம் மாறல... உன்ன அனுப்புனது என் வூட்டுக்காரி. மோப்பத்துல அவ தப்பே பண்ண மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நோட்டை மூடினேன். அந்தத் தகராறுச் செய்தியை நான் எழுதவே இல்லை.

என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். மூன்று வருஷத்தில் என் பாடு பதின்மூன்று முறை வந்தது. ஒரு முறைகூட நான் பேசவில்லை.

அடுத்தவர்களிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன்... என் முறை வந்தால் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

"சார் வலையே எடுத்துனு வர்றதில்ல, பாடு மட்டும் வெச்சினு கீறாரு" என்று ஒருவர் ஒருநாள் சொல்லியே விட்டார். என் பெயரை எடுத்துவிடலாமா என்றும் பேச்சு வந்தது.

அண்ணன் விடவில்லை. "ஏரில பாடு தவறுனா போச்சு. இங்க அப்டி இல்ல. அவுரு பேசுற வரிக்கும் அவுரு பாட்ட நான் பாத்துக்கறேன்."

பதின்மூன்று முறையும் எனக்குப் பதிலாக அவர்தான் பேசினார். தன் மகள் கல்யாணத்தில் குடித்துவிட்டுப் பந்தி நடுவே விழுந்தது, நடுக்கடலில் படகில் தூங்கிப்போனது... ஒருமுறை சொன்னதை மறுமுறை சொன்னதில்லை.

அவரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. என் பாடு. பழவேற்காடு பஸ்ஸில் வந்தவன் பாதியில் திருப்பாலைவனத்தில் இறங்கிவிட்டேன். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து மணி தாண்டியதும் அண்ணனிடமிருந்து போன். "எங்க கீற?" சொன்னேன். "அங்கியே நில்லு."

இருபது நிமிஷத்தில் யாருடைய மொபெட்டிலோ வந்தார். ஆளுக்கு இரண்டு பஜ்ஜி, ஒரு டீ. பிறகு பின்னால் ஏறு என்று தலையாலேயே காட்டினார்.

அன்றைக்கும் அவர்தான் பேசினார்.

நேற்று அடக்கம். தூக்குகிறவர்களுக்குச் சரக்கு வாங்கித் தருவது வழக்கம். ஒரு சொட்டு வரக்கூடாது என்று கஸ்தூரி அக்கா சொல்லிவிட்டார்.

சொந்தக்காரர்கள் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தார்கள். நாங்கள் பதினோரு பேரும் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினோம்.

கிளம்பும்போது அக்கா கூப்பிட்டார். "நாளிக்கு யாரு பாடு?"

என்னுடையது என்றேன்.

"உன் வாயால கேக்கணும்னு இருந்தாரு. நான் வந்து உக்காந்துக்கறேன்."

மணி நாலு இருபது. பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

திருப்பாலைவனம் வந்தது. இறங்கவில்லை.

போய் வாங்க அண்ணே. பதினாலாவது பாடு நான் பேசிக்கிறேன்.