தொட்டியில் கரிசல்

நான் தென்காசிப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் குச்சியை ஒடித்துக் குத்தினாலே தளிர்த்துவிடும். கோவில்பட்டிக்குக் கட்டிக்கொடுத்தபோது அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "அந்தக் கரிசக்காட்டுல ஒரு பூவாவது பூக்குமா?" இன்றுவரை போனிலும் அதையேதான் கேட்கிறாள்.

பூக்க வைத்துக் காட்டுகிறேன் என்று ரோஷத்தோடு நர்சரிக்குப் போய் ரோஜா, டேலியா, செம்பருத்தி என்று ஆசை ஆசையாய்ப் பொறுக்கி வந்தேன். மண் என் வீட்டுக்காரர் பொறுப்பு. பசுவந்தனையில் இருக்கும் தன் காட்டிலிருந்து சாக்கு சாக்காகக் கரிசலை அள்ளி வந்து, நகையைப் பெட்டியில் வைப்பதுபோல் தொட்டிகளில் நிரப்பினார்.

காட்டில் ராஜாவாக இருக்கிற கரிசல், தொட்டிக்குள் போனால் பிடிவாதக்காரன். தண்ணீர் ஊற்றினால் களியாகி வேரை அழுக வைக்கும். காய்ந்தால் சுருங்கித் தொட்டியை விட்டு விலகி நிற்கும். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்த இடுக்கு வழியாகத் தரைக்கு ஓடிவிடும். ரோஜா போனது. டேலியா போனது. செம்பருத்தி கொஞ்ச நாள் யோசித்துவிட்டுப் போனது. அவரோ செடியைத்தான் திட்டினார்.

"செம்மண்ணும் மணலும் வாங்கிக் கலப்போங்க" என்றேன்.

"ஏட்டி, கரிசக்காட்டுக்காரன் மண்ணு வாங்குதான்னா ஊரு சிரிக்கும்."

புரட்டாசியில் அம்மா போன் செய்து, பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாள். அந்த வாரம் கழுகுமலைக்கு பஸ்ஸில் போனபோது வழியெல்லாம் பருத்தி விதைத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணை மாற்ற விடமாட்டார், செடியை மாற்றலாமே! வீட்டுக்கு வந்ததும், வாசலில் தரையிலேயே பருத்தி போடலாம் என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "காட்டுல நிக்கதைக் கொண்டாந்து யாராவது வாசல்ல வைப்பாவளா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மண்ணு மட்டும் உசத்தி, அதுல வெளையுதது மட்டமா?"

மறுநாள் அவரே விதை கொண்டுவந்தார். ஐப்பசி மழைக்கு முளைத்து, மார்கழிப் பனியில் மொட்டு வைத்தது.

அம்மா வந்த அன்று வாசலில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூ. மறுநாள் காலையில் அவளே எங்களைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை, இது என்ன பூ? நேத்து மஞ்சளா இருந்துச்சு, இன்னைக்குச் செவந்திருக்கே!"

"பருத்திதான் அத்தை" என்றார், தலையைச் சொறிந்துகொண்டே.

"பருத்தியா! இம்புட்டு அழகா? எனக்கும் வெதை தாங்க."

அவ்வளவுதான், அவரைப் பிடிக்க முடியவில்லை. அம்மா ஊருக்குக் கிளம்பியபோது விதையோடு அரைச் சாக்குக் கரிசலும் பஸ் ஏறியது.

"மூட்டையில என்னம்மா?" என்றார் கண்டக்டர்.

"எம்மவ ஊரு மண்ணு" என்றாள் அம்மா.

பஸ் நகர்ந்தது. என் வீட்டுக்காரர் ஜன்னலோரமாகவே ஓடினார்.

"அத்தை, தொட்டியில போட்டு வைங்க, நல்லா வரும்!"